முந்திப் பூத்த வயல்

"ஒரு படி விதை குடுண்ணே. உப்புத் தண்ணி ஏர்றதுக்குள்ள கதிர் முத்திட்டா நானும் தப்பிச்சுக்குவேன்" என்று பங்காளி சிங்காரம் கெஞ்சினான்.

"எனக்கே ஒரு மூட்டைதான்டா குடுத்தாங்க" என்று கண்ணாயிரம் கையை விரித்தார்.

ஆராய்ச்சி நிலையத்து விதை அது. ஜீனில் மார்க்கர் என்கிற அடையாளக்குறியைப் பார்த்துப் பொறுக்கிய ரகமாம். மற்ற நெல்லுக்கு இருபது நாள் முந்திப் பூக்கும். சொன்னபடியே பூத்தது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வயல்கள் எல்லாம் பச்சையாய் நிற்க, கண்ணாயிரம் வயலில் மட்டும் கதிர். மனுஷன் மீசையை முறுக்கிக்கொண்டார்.

கதிர் பால் பிடிக்கும் சமயம் பார்க்க வந்த, விதை கொடுத்த விஞ்ஞானி பூங்குழலியைக் கண்ணாயிரம் வரப்பிலேயே மறித்தார்.

"என்னம்மா ரகம் இது? ஊர்ப்பட்ட குருவியும் இங்கதான் குந்தியிருக்குது. கதிர்ல ஒரு மணி மிச்சமில்ல!"

"ஒரு வயல் மட்டும் முன்னாடியே பால் பிடிச்சா, கழுவெளி ஏரிப் பறவை மொத்தமும் அதுலதான் சார் இறங்கும். பத்து வயல் ஒண்ணாப் பூத்தா ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும். அதுக்குத்தானே பத்துப் பேருக்குப் பிரிச்சுக் குடுங்கன்னு பத்து மூட்டை குடுத்தேன்?"

கண்ணாயிரம், சரக்கு ஒருத்தன் கையில் இருந்தால்தான் விலை ஏறும் என்று, மற்ற ஒன்பது மூட்டையையும் வீட்டில் பூட்டி வைத்திருந்தார்.

பக்கத்து வரப்பில் சிங்காரம் நின்றிருந்தான். நேற்று ஏறிய உப்புத் தண்ணீரில் அவன் பயிர் பூக்காமலே கருகிக்கொண்டிருந்தது.

"விடுங்க மேடம்" என்றான். "நான் ஒரு படிதான் கேட்டேன். அண்ணன் ஏரிக்கே படியளந்துட்டாரு."