ஏஜென்டை மாற்றிய லுசிண்டா

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, புளோரிடாவில் டாம்பா ஊரில் நடந்த ஒரு கப்பல் பயணக் கதை சொல்கிறேன்.

டெல்பர்ட் அங்கே டிராவல் ஏஜென்ட். பதினோரு வருஷமாக லுசிண்டா அவரிடம்தான் கப்பலுக்குப் பதிவு செய்வாள். அவள் வந்துபோகும் நாள்தான் அவருக்குத் திருநாள். அப்படிப்பட்டவள் அன்று ஒரு படிவத்தை நீட்டினாள். பத்து நாள் முன்பு பதிவு செய்த அலாஸ்கா பயணத்தை எதிர்க்கடை ஏஜென்ட் ட்ரூடியிடம் மாற்றிக்கொள்கிறாளாம். பதிவு செய்தபின் அப்படி ஏஜென்டை மாற்றக் கப்பல் கம்பெனி அறுபது நாள் அவகாசம் தருகிறது.

டெல்பர்ட் படிவத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"பால்கனி அறை பிடிக்கலையா?"

"அருமையான அறை."

"ட்ரூடி தள்ளுபடி தர்றாளா?"

"அவளா? ஒரு காசு குறைக்கலை, கஞ்சப் பிசினாறி."

"அப்ப நான் என்னதான் தப்பு பண்ணேன், லுசிண்டா?"

"மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. படகுத்துறையில மீன் சாப்பிடப் போகலாம்னு நாலு தடவை கூப்பிட்டேன். என்ன சொன்னீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்கிட்ட டிக்கெட் எடுக்கிறவங்களோட வெளிய போறதில்லை, அது தொழில் தர்மம்னு சொன்னேன்."

"இப்ப நான் ட்ரூடிகிட்ட டிக்கெட் எடுக்கிறவ. ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. சட்டையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுக்கிட்டு வாங்க."

டெல்பர்ட் அன்று மூன்று மணிக்கே கடையைப் பூட்டிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இந்தச் சாமர்த்தியமும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும், என் செல்வங்களே.