பதின்மூன்றாவது பைப்

அயர்லாந்தின் கில்கென்னி நகரில் புனித பாட்ரிக் திருநாள் ஊர்வலம். பேக்பைப் என்னும் துருத்திக்குழல் வாசிக்கும் ராணுவ இசைக்குழுவை சார்ஜன்ட் கிரானியா முதன்முறையாக நடத்தி வந்தாள். சதுக்கத்தில் வாசிப்பை நிறுத்த அவள் தன் கைக்கோலை உயர்த்தியதும் பன்னிரண்டு பைப்புகளும் ஒரே நொடியில் நின்றன. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் இசை நிற்கவில்லை. இன்னொரு பைப் வாசித்துக்கொண்டே இருந்தது.

"யார்ரா அது, என் மானத்தை வாங்குறவன்?" என்றாள் பல்லைக் கடித்தபடி.

பெருமுரசுக்காரன் ஃபியக்ரா வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "யார் வாயிலயும் குழல் இல்ல, சார்ஜன்ட். ஆனா நம்மளவிட நல்லாவே வாசிக்கிறான்."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, பயத்தால் அல்ல. "அப்போ ஏன் சும்மா நிக்கிற? அடி."

முரசுகள் சேர்ந்துகொண்டன. சதுக்கமே அதிர்ந்தது. இசை அவளைக் கடந்து, மெல்லக் கூட்டத்தை நெருங்கியது. ஜனங்கள் கைதட்டியபடியே, ஓர் ஆள் நடந்து போகுமளவுக்கு விலகி வழிவிட்டார்கள்.