சிப் வைத்த மாப்பிள்ளை

மாப்பிள்ளையின் பிரெஞ்சு அடையாள அட்டை, கேசரித் தட்டோடு சேர்ந்து கூடத்தைச் சுற்றி வந்தது. குஞ்சம்மாள் அத்தை விரலில் ஒட்டிய நெய்யைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.

"நல்லா திருப்பிப் பாருக்கா," என்றார் தணிகாசலம். "உன் மருமவன் மட்டும்தான் பிரெஞ்சு நேஷனாலிட்டியா? எனக்கு வரப்போறவரும்தான். கல்யாணம் முடிஞ்ச கையோட எம்பொண்ணும் பாரீஸ்ல இருப்பா."

அத்தையின் முகம் சுண்டிப்போனது. பாரீஸ் மருமகனைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமாகத் தம்பி குடும்பத்தை மட்டம் தட்டி வந்தவள். அட்டையைத் தம்பி மகளிடம் தள்ளினாள்.

சிந்துஜாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. நேரு வீதியில் ஐ.டி. கார்டு அடிக்கும் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். ஓரத்தில் இருந்த சிப்பை நகத்தால் வருடினாள். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. அது சிப் இல்லை, சிப்பின் படம்.

போட்டோவைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. போன வாரம் அப்பாவின் வாட்ஸாப்புக்கு வந்த அதே படம், அதே கட்டம் போட்ட சட்டை. ஏமாற்றுவதற்காக இன்னொரு படம் எடுத்துக்கொள்ளக்கூட வணங்காத உடம்பு!

"அவங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசலாங்களா?" என்றான் மாப்பிள்ளை அருள்முருகன். பெற்றவர்கள் அடுத்த வாரம் முறைப்படி வருவதாக இருந்ததால், இன்று அவன் மட்டும்தான் வந்திருந்தான்.

தணிகாசலம் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார். இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள்.

"இந்த அட்டையப் பத்திதான் சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேளுங்க." சிந்துஜா அட்டையை இரண்டு விரலால், செத்த கரப்பான்பூச்சியைத் தூக்குவதுபோலப் பிடித்திருந்தாள். "எங்க கடையிலயும் டூரிஸ்ட்டுங்களுக்கு அட்டை அடிக்கிறோம். 'குடிமகன் லைசென்ஸ்'னு. லீவு நாள்ல இங்க குடிக்க வர்ற கூட்டம் வாங்கிக்கினு போவும். அதுல அரசாங்க முத்திரை இருக்காது. 'விளையாட்டுக்கு மட்டும்'னு நடுவுல பெருசா போட்டிருப்போம். அதப் பாத்து ஒருத்தனும் ஏமாற மாட்டான், சிரிப்பான். அவ்ளோதான்."

"தெரியுங்க..."

"என்னா தெரியும்? இது வேற. ஒரு நாட்டோட அட்டைய அப்படியே காப்பியடிச்சு, முத்திரை போட்டு, நம்பர் போட்டு, பாக்குறவன நம்ப வெக்கணும்னே செஞ்சது. அதுக்குப் பேரு போலி. தமாஷ் அட்டைக்குச் சிரிப்பு, இதுக்கு ஜெயிலு. அந்த 'விளையாட்டுக்கு மட்டும்' வரிய மட்டும் எடுத்துட்டுக் குடும்மான்னு கடைக்கு வந்து பல்ல இளிப்பானுங்க, உங்கள மாதிரி ஆளுங்க. வாசலோட தொரத்திடுவேன்."

அருள்முருகன் மறுக்கவில்லை. "எங்கிட்ட பாஸ்போர்ட்டே கெடையாதுங்க. இங்கயே மேட்டுப்பாளையத்துல சோப்பு கம்பெனி சூப்பர்வைசர். பொய் சொல்லி உங்களக் கட்டிக்க எனக்கு மனசு ஒப்பல. அதான் தனியா கூப்புட்டேன்."

மாட்டிக்கொண்ட பிறகு வருகிற மனசாட்சி! இந்த ரகத்தை அவள் கடையில் எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

"சூப்பர்வைசர்னு சொல்லிக்கினு வந்திருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? சரி, இத யாரு அடிச்சுக் குடுத்தது?"

"அத மட்டும் கேக்காதீங்க."

"ஓ! கூட்டாளியக் காட்டிக் குடுக்க மாட்டீங்க. திருட்டு வேலையில விசுவாசம் வேற!"

அவனுடைய பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினாள். கூடத்தில் அத்தைக்கு முன்னால் இருந்த டீப்பாயில் அட்டையை வீசினாள்.

"அத்தே, உங்க மருமவனுக்குப் போட்டி யாரும் இல்ல. இது போலி. இவரு பாரீஸ படத்துலதான் பாத்திருப்பாரு."

அத்தையின் முகத்தில் போன வெளிச்சம் திரும்பி வந்தது. "எனக்கு அப்பவே தெரியும்டி! இந்த வூட்டுக்கு எங்கேர்ந்து அந்த யோகம் வரும்?" என்றவள், கேசரித் தட்டை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த அருள்முருகன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு எம்மேலதாங்க. நான் கெளம்புறேன்."

"எங்க கெளம்புறது? அப்பா, இந்தாள வுடாதீங்க!" சிந்துஜா செல்போனை எடுத்து நூறை அழுத்தினாள். "இன்னிக்கு என்னை ஏமாத்த வந்தான். வுட்டா, நாளைக்கு இன்னொரு வூட்டுல போயி உக்காந்து கேசரி சாப்புடுவான்."

அப்பா பாய்ந்து அவன் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். அருள்முருகன் ஒருமுறை அவரை நிமிர்ந்து பார்த்தான், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

மறுமுனையில் மணி அடித்தது. தணிகாசலம் ஓடிவந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். அக்காவின் பக்கம் திரும்பாமல், ஏறக்குறைய அழுகிற குரலில் சொன்னார்:

"வெச்சிடும்மா... போலீஸ் வந்தா என்னைத்தான் இழுத்துக்கினு போவாங்க."