சேற்று அச்சு

மழை விட்டு வெயில் அடிக்கிறது. மினிபஸ் நின்ற இடத்திலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் செஞ்சேறு. பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த சிட்டென்ஜேத் துணிகளை அவிழ்த்து ஊர்ப் பெண்கள் அதன்மேல் விரிக்கிறார்கள். என் மகள் தோவேரா அவற்றின்மேல் நடந்து வருகிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகத் திரும்புகிற முதல் பெண். அவள் கால் தரையில் படக்கூடாது. துணி பத்தவில்லை, மிதித்ததைப் பின்னாலிருந்து உருவிக்கொண்டு முன்னால் ஓடுகிறார்கள். குலவைச் சத்தத்தில் கோழிகள் கூரை ஏறுகின்றன. அதற்குள் தோவேரா ஒரு காலைச் சேற்றில் வைத்துவிட்டு நிற்கிறாள். அடுத்து விரிந்து கிடப்பது மடிப்புக் கலையாத மஞ்சள் துணி, நியாகொண்ட்வேயுடையது. "புத்தகத்த வச்சா உன் மக களி கிண்டுவா?" என்று அடிபம்பு அடியில் பத்து வருஷமாக என்னைக் குத்தியவள் அவள். தோவேரா குனிந்து ஷூவைக் கழற்றப் போகிறாள்.

"ஏய், கழட்டாத! நல்லா அழுத்தி மிதிடி," என்று கத்துகிறாள் நியாகொண்ட்வே.

"அழுக்காயிடும், அத்தை."

"ஆகட்டும். அதுக்குத்தான் புதுசு எடுத்தேன்."

மிதிக்கிறாள். மஞ்சளில் ஒரு முழு ஷூ, குதிகால் வரைக்கும் செக்கச்செவேல் என்று பதிகிறது. நியாகொண்ட்வே துணியை உதறவில்லை. அச்சு வெளியே தெரியும்படி இடுப்பில் கட்டிக்கொண்டு, மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் புருஷன் முன்னால் போய் நிற்கிறாள்.

"தெம்வாவ படிப்ப நிறுத்தி வீட்டுல வச்சது போதும். திங்கக்கிழமை நம்ம புள்ள பள்ளிக்கூடம் போறா."

அவர் அந்த அச்சையே பார்க்கிறார். மறுபடி குலவை எழும்புகிறது. இந்தத் தடவை ஆரம்பிப்பவள் நான்.