பொட்டுக்குப் பொட்டு

"எவுகளக் கேட்டு இன்ஜினுக்குப் பொட்டு வச்சாக? இங்கன என்ன ஆயுத பூசையா நடக்குது?"

கர்ணன் போட்ட சத்தத்தில், காமயகவுண்டன்பட்டித் தெருவில் சுருண்டு கிடந்த நாய்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டது.

காலையிலிருந்து வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. மேல் புல்லிச் சக்கரத்தையும் கீழ்ப் புல்லிச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டைக் கழற்றியாச்சு. ஒழுகின வாட்டர் பம்ப்பையும் பிடுங்கியாச்சு. உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் குபுகுபுவென்று கொட்டவும், "வடியட்டும் மாப்ள, வா" என்று கூட்டாளி செல்வின் தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு இழுத்துப்போனான்.

ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்தால், இன்ஜினில் நாலு குங்குமப் பொட்டு! மேல் புல்லியில் ஒன்று, அதை ஒட்டி இன்ஜின் உடம்பில் ஒன்று. கீழேயும் அதேபோல ஒரு ஜோடி.

கதவுக்குப் பின்னால் மாமியார் ராஜாத்தி. விரலெல்லாம் சிவப்பு.

"மாப்ள," செல்வின் குனிந்து பார்த்தான். "நாம போட்ட சாக்பீஸ் கோடு எங்கடா?"

கர்ணன் மண்டி போட்டு இன்ஜினைச் சுற்றிச் சுற்றித் தேடினான்.

பெல்ட்டைக் கழற்றும் முன் புல்லியிலும் இன்ஜின் உடம்பிலும் நேருக்கு நேராகப் போட்ட அந்தக் கோட்டை வைத்துத்தான் புது பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இன்ஜின் உள்ளுக்குள்ளேயே முட்டிக்கொண்டு செத்துப்போகும். கம்பெனி போட்ட அடையாளமோ பதினாலு வருஷத்துத் துருவில் என்றைக்கோ தேய்ந்துவிட்டது. போதாததற்கு, பெல்ட்டைக் கழற்றியதும் மேல் புல்லி லேசாக நகர்ந்து வேறு நிற்கிறது.

நாளைக் காலை ஆறரைக்குக் குமுளிக்கு நாலு டீச்சர்மார். தினசரி சவாரி. "மொத நாளே வண்டி வரலேன்னா வேற வண்டி பாத்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். கம்பத்து மெக்கானிக் மலைச்சாமியோ, "வியாழக்கெழமைக்கு முன்னால ஆகாதுப்பா. என்னது, வீட்டுல வச்சுப் பிரிக்கப் போறியா? பிரி, பிரி! இன்ஜினைச் சாக்குல அள்ளிட்டு இங்கனதான வருவ!" என்று பல் குத்திக்கொண்டே சிரித்திருந்தார்.

"பூசை பண்றேன்னு கோட்டைத் தொடச்சுட்டாக! இந்தக் காலத்துலயும் இப்பிடி ஒரு மூடநம்பிக்கையா?" கர்ணன் பழந்துணியை எடுத்துப் பொட்டைத் தேய்த்தான். போகவில்லை. "எண்ணெயில வேற கொழைச்சு அப்பியிருக்காகடா!"

ராஜாத்தி மருமகனிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. அந்தக் குடும்பத்து மரியாதை அப்படி. உப்புப் போதுமா என்று கேட்பதென்றாலும் மகள் முனீஸ்வரி வழியாகத்தான். அவளோ இன்ஜின் சூடாகாமலிருக்க ஊற்றும் கூலண்ட் வாங்க டவுன் பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போயிருந்தாள்.

அதனால் ராஜாத்தி வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் பேசினார். வாங்கின ஏச்சில் வார்த்தையும் சுருங்கிவிட்டது.

"ஏ ஆடே, பொட்ட அழிச்சுறப்படாது. பொட்டுக்குப் பொட்டு நேரா நிக்கணும்."

ஆடு "மே" என்றது.

"ஆடு சரிங்குது மாப்ள," என்றான் செல்வின்.

"ஏலே, எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாத!"

"வேற வழி இருந்தாச் சொல்லு. நான் காலையிலதான் சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன். எனக்கே என்னமோ இது சாமி வாக்கு மாதிரிதான் தெரியுது."

வேறு வழி இல்லை. அரை மணி நேரம் இன்ஜினையே முறைத்துப் பார்த்துவிட்டு, கர்ணன் பல்லைக் கடித்தான்.

மேல் புல்லியைப் பொட்டுக்குப் பொட்டு நேராக்கினான். கீழ்ப் புல்லியையும் அப்படியே. புது பம்ப், புது பெல்ட். ஸ்பேனரைப் போட்டுக் கையால் ரெண்டு சுற்று, மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினான். எங்கேயும் முட்டவில்லை, தட்டவில்லை. நாலு பொட்டும் மறுபடி ஜோடி ஜோடியாக வந்து நின்றன!

சாயங்காலம் முனீஸ்வரி கூலண்ட் கேனோடு வந்து இறங்கினாள். ஊற்றினார்கள். கர்ணன் சாவியைத் திருகினான்.

டுர்ர்ர்... டுர்ர்ர்... டுகுடுகுடுகுடுகு!

"ஓடுதுடா! பூப்போல ஓடுதுடா!"

தெருவே விசில் அடித்தது. செல்வின் ஸ்பேனரால் வாளியில் தாளம் போட்டான். கர்ணன் மலைச்சாமிக்குப் போன் போட்டு, போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் நீட்டினான். "அண்ணே, கேக்குதா? சாக்கு வேணுமாண்ணே சாக்கு?"

"எவன்டா மாட்டுனது?" என்று அந்தப் பக்கத்திலிருந்து மலைச்சாமி கத்தினார்.

"ஆத்தாளே எறங்கி வந்து மாட்டிக் குடுத்துருக்காண்ணே!"

சொல்லும்போதே அவனுக்குப் புல்லரித்துவிட்டது. மத்தியானம் மூடநம்பிக்கை என்று குதித்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டில் சூடத்தைக் கொளுத்தி, இன்ஜினுக்கு மூணு சுற்றுச் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் செல்வினும் போட்டுக்கொண்டான்.

கதவுக்குப் பின்னால் ராஜாத்தி மகள் காதில் என்னமோ குசுகுசுத்தார். முனீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, மொதல்ல சூடத்த அமத்தச் சொல்றாக. டீசல் வண்டியாம்."

"அத்தை கையில சாமி இருக்குடி!"

"சாமியெல்லாம் ஒண்ணும் எறங்கலையாம்ங்க. நீங்க போட்ட சாக்பீஸ் கோட்டுல பம்ப்புத் தண்ணி எறங்குச்சாம். கோடு முக்கியம்னு வீடியோவுல சொன்னதக் கதவுக்குப் பின்னால நின்னு அவுகளும் கேட்டாகளாம். அழியிறதுக்குள்ள, தண்ணியில கரையாம இருக்க எண்ணெயில கொழைச்சு, கோட்டு மேலயே பொட்டு வச்சாகளாம். அடுத்த தடவயாச்சும் பெயிண்டுல கோடு போடச் சொல்றாக."