திறந்திருந்த மைக்

பெசன்ட் நகர் மாடியில் இருக்கும் ஒலிப்பதிவு அறையில் டெரன்ஸ் பாட்டை மிக்ஸ் செய்து முடிக்க உட்கார்ந்திருக்கிறான். இன்று சாயங்காலம் சர்ச் திருவிழாக் கொடியேற்றத்தில் ஒலிக்க வேண்டிய பாட்டு, இருபத்திரண்டு டிராக்குகளாகத் திரையில் வண்ண வண்ணப் பட்டைகளாய்க் கிடக்கிறது. பின்னால் சோபாவில் பாடகர் குழு மாஸ்டர் ராஜநாயகம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அவரோடு சேர்ந்து பாடிய லூயிசா பக்கத்தில் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"லூயிசா குரல மட்டும் தனியா போடுப்பா. எக்கோ எதுவும் வேணாம்."

டெரன்ஸ் அவள் பட்டையைப் பார்க்கிறான். இரண்டு சரணங்களுக்கு நடுவே, அவள் பாடாத இடத்தில், ஏதோ சத்தம் பதிந்ததைக் காட்டும் சின்ன மேடு. ரெகார்டிங் அன்று மைக் திறந்திருப்பதை மறந்து பக்கத்தில் நின்றவளிடம் அவள் பேசியது. அதை டெரன்ஸ் காலையிலேயே கேட்டுவிட்டான். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் சத்தத்தை வெட்டினால் பாட்டு செத்துவிடும் என்று இடைவெளிகளைத் தொடவிடாதவர் மாஸ்டர். தபேலா சத்தத்தில் அமுங்கிவிடும் என்று அவனும் விட்டுவைத்தான்.

"என்ன பாத்துக்கிட்டிருக்க? போடு."

போடுகிறான். முதல் சரணம் முடிகிறது. பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் வெள்ளைக் கோடு அந்த மேட்டை நோக்கி நகர்கிறது. அவன் விரல் மியூட் பொத்தானைத் தொடுவதற்குள் இரண்டு ஸ்பீக்கரிலும் லூயிசாவின் குசுகுசுப்பு, காதோடு சொல்வதுபோலத் துல்லியமாக வருகிறது.

"மாஸ்டருக்கே சுருதி நிக்கல. யாரு போய் சொல்றது?"

துப்பட்டாவை முறுக்கிய விரல்கள் நின்றுவிடுகின்றன. இரண்டாவது சரணம் பிசிறில்லாமல் ஓடி முடிகிறது. ராஜநாயகம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"இப்ப என் குரல மட்டும் போடு."