முனியப்பன் வளைவு

அந்தச் சாலையில் வேகம் நூற்றிருபதுக்குக் குறைந்தால், பின்னால் வரும் ஆளில்லாத லாரி நிற்காது. இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மகளைப் பார்க்கப் போக வேறு சாலையும் இல்லை. அதனால்தான் காளியண்ணன் தன் பழைய அம்பாசடரின் பானெட்டை அறுத்து, பெரிய என்ஜினைப் பொருத்தியிருந்தார்.

வண்டி பறந்தது. பக்கத்தில் மனைவி செல்லாத்தாள் மடியில் கற்பூரமும் எலுமிச்சம்பழமுமாக உட்கார்ந்திருந்தாள். பின்பக்கக் கண்ணாடி முழுக்க லாரியின் முகம்.

கணவாய் வளைவில் முனியப்பன் கோயில் தெரிந்தது. ஆளில்லாத லாரிகள் வருவதற்கு முன், அங்கே நிறுத்திக் கும்பிடாமல் ஒருநாளும் அவர்கள் தாண்டியதில்லை. நிறுத்தச் சொல்வதே அவள்தான். காளியண்ணனின் கால் தன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பியது. கண்ணாடியில் லாரி இன்னும் பெரிதானது.

செல்லாத்தாள் பாய்ந்து, இரண்டு கையாலும் அவர் முழங்காலை அழுத்தினாள்.

"நிறுத்திப்போடாதீங்க. மிதிங்க."

"சாமிக்குத்தம் ஆயிரும் புள்ள."

"அங்க பாருங்க."

வண்டி உறுமிக்கொண்டு கோயிலைத் தாண்டியது. சாமியின் காலடியில் நசுங்கிய பழைய கார்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் பானெட் அறுக்கப்பட்டிருந்தது. மேலே கிடந்த காரின் முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் இன்னும் வாடவில்லை.